அச்சப்பட்டவரின் காதில் நாம் சொல்வது என்ன?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் எம் உயிரிலும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ரமழான் இரவில் நடந்த சம்பவம் ஒன்றை முதலில் கூறுகிறேன். தராவீஹ் தொழுகை நடைபெற்றுக்கொண்டிருந்தது. இரண்டாவது ஸஃப்பில் நின்ற இருபது வயதளவிலான வாலிபர் ஒருவர் தொழுகையை முறித்துக்கொண்டு வெளியே ஓடினார். ஸலாம் கொடுத்துவிட்டு நாம் சென்று பார்த்தபோது, ஹவுழுக்கு அருகில் நெஞ்சைப் பிடித்தவாறு அமர்ந்திருந்தார். உடல் நடுங்கியது. மூச்சு வேக வேகமாக வந்தது. விரல்கள் விறைத்துவிட்டன என்றும், தாம் மரணித்துக்கொண்டிருப்பதாகவும் கூறினார்.

சில நொடிகளில் அவரைச் சுற்றி நாற்பது பேர் கூடிவிட்டனர். ஒருவர் தலையில் தண்ணீரை ஊற்றினார். இருவர் கைகளைப் பிடித்து அழுத்தினர். பின்னால் நின்ற ஒருவர் "பிள்ளைக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுங்கள்" என்று சத்தமிட்டார். நான் குனிந்து அவரது காதில் கலிமாவை உரத்துச் சொன்னேன். அந்த வாலிபரின் கண்களில் அப்போது நான் கண்ட பீதியை இன்றுவரை மறக்க இயலவில்லை.

வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்த வைத்தியர், இதயத்தில் எக்குறையும் இல்லை என்றார். மறுநாள் அவரது வாப்பா என்னிடம் விளக்கம் கேட்டார். "ஈமானில் பலவீனம் இருந்தால் இப்படித்தான் வரும், திக்ரை அதிகப்படுத்தச் சொல்லுங்கள்" என்று நான் பதிலளித்தேன். அந்த வாலிபர் அதன் பின்னர் பதினொரு மாதங்கள் ஜமாஅத்துத் தொழுகைக்கு வரவில்லை.

நீண்ட காலத்தின் பின் ஒருநாள் அவர் என்னைச் சந்தித்து, "ஹஸ்ரத், நீங்கள் என் காதில் கலிமாவைச் சொன்னபோதுதான் நான் சாகப்போவது உறுதி என்று நினைத்தேன். அதன் பிறகு பள்ளிவாசல் படியை மிதிக்கும்போதெல்லாம் அந்த இரவு திரும்பி வந்தது" என்றார். மரணிப்பவரின் காதில் சொல்லப்பட வேண்டிய மிக உயர்ந்த வார்த்தையை, பயந்திருந்த ஒருவரின் காதில் நான் சொல்லியிருந்தேன். வார்த்தையில் குறையில்லை. இடத்தை அறியாதது என் குறையாகும்.

அந்த உரையாடலின் பின்னரே, திடீர்ப் பீதிக்கு உள்ளானவர்களுக்கு மனித சமுதாயம் எவ்வாறு உதவி வந்திருக்கிறது என்பதை வரலாற்றில் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். அத்தேடலில் கிடைத்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பெயரின் கதை

பயம் என்பது அல்லாஹ் மனிதனுக்கு அளித்த ஒரு பாதுகாப்பு. பாம்பைக் கண்டவர் விலகி ஓடுவது அதனாலேயே. ஆனால் பாம்பே இல்லாத இடத்தில், ஓடுவதற்கான காரணமே இல்லாத நேரத்தில், அந்தப் பயம் முழு வேகத்துடன் எழுந்து உடலைக் கைப்பற்றிக்கொள்வதும் உண்டு. நெஞ்சு படபடக்கும்; மூச்சு முட்டும்; வியர்க்கும்; தலை சுற்றும்; கைகால் விறைக்கும். இறந்துவிடுவோம் அல்லது அறிவு பேதலித்துவிடும் என்ற எண்ணம் உறுதியாகத் தோன்றும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் அது உச்சத்தை அடைந்து, பின்னர் படிப்படியாகத் தணிந்துவிடும். எமது நாட்டின் தமிழ் வழக்கில் பதகளிப்பு என்று கூறப்படும் நிலையின் மிகக் கடுமையான வடிவம் இது. திடீர்ப் பீதி என்று இதனை இங்கு அழைப்போம்.

ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் 'பெனிக்' என்ற பெயர் பண்டைய கிரேக்கரின் 'பான்' என்ற மேய்ச்சல் நிலத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. காரணமின்றி மந்தைகள் கலைந்து ஓடினாலும், இரவில் படைமுகாம்கள் கலவரமடைந்தாலும், அது பானின் வேலை என்று அம்மக்கள் நம்பினர். காரணம் தெரியாத பயத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மீது சுமத்தும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

மக்காவின் ஒரு வீடு

கி.பி. 610ஆம் ஆண்டு. நபி (ஸல்) அவர்களுக்கு அப்போது நாற்பது வயது. ஹிரா குகையில் முதலாவது வஹீ இறங்கியது. அன்னார் இதயம் படபடக்க வீடு திரும்பி, தம்மைப் போர்த்துமாறு வேண்டினார்கள். இச்செய்தியை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் கிரந்தத்தின் ஆரம்பத்திலேயே பதிவு செய்துள்ளார்கள்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது கடமையாகும். அண்ணலாரைத் தழுவியது வஹீயின் கனம். அதனை நோயென்று கூற எமக்கு எவ்வித உரிமையும் இல்லை. அப்படிக் கூறுவதிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறோம். நாம் இங்கு கவனிக்க வேண்டியது, நடுங்கியவாறு வீட்டுக்கு வந்த ஒருவரை அன்னை கதீஜா (ரழி) அவர்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்பதையே.

முதலில் போர்த்தினார்கள். அச்சம் நீங்கும் வரை காத்திருந்தார்கள். அதுவரையில் விசாரணை எதுவும் நடைபெறவில்லை. அச்சம் தணிந்த பின்னர் நடந்ததை அண்ணலாரே கூற, முழுமையாகச் செவிமடுத்தார்கள். தமக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ எனத் தாம் பயந்ததாக அன்னார் கூறியபோது, "இதற்கெல்லாம் பயப்படலாமா?" என்று அன்னை கேட்கவில்லை. அல்லாஹ் அன்னாரைக் கைவிடமாட்டான் என்று உறுதி கூறினார்கள். அந்த உறுதிக்கு ஆதாரமாக உறவினரை ஆதரித்தது, பிறர் சுமையைச் சுமந்தது, இல்லாதவருக்கு உழைத்துக் கொடுத்தது, விருந்தினரை உபசரித்தது என அன்னாரின் வாழ்வில் கண்ட உண்மைகளை எடுத்துக் கூறினார்கள். இறுதியாக, வேதங்களைக் கற்றறிந்த முதியவரான தமது உறவினர் வரகா பின் நவ்ஃபல் அவர்களிடம் அழைத்துச் சென்றார்கள். அனுப்பிவிடவில்லை; உடன் சென்றார்கள்.

போர்த்துதல், செவிமடுத்தல், உண்மையைக் கொண்டு உறுதியளித்தல், அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல் ஆகிய நான்கையும் இந்த ஒழுங்கிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வொழுங்கை நாம் மீண்டும் சந்திப்போம்.

பல்க் நகரத்து அறிஞர்

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் நகரை அண்டிய பகுதியில் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) என்றோர் அறிஞர் வாழ்ந்தார். கி.பி. 934இல், அதாவது ஹிஜ்ரி 322இல், மரணமான இவர் புவியியலாளராகவும் மார்க்க அறிஞராகவும் விளங்கியவர். இளமையில் இராக் சென்று, தத்துவ அறிஞர் அல்கிந்தியிடம் கல்வி பயின்றார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது இவரது நூல். உடல்களுக்கும் ஆன்மாக்களுக்கும் நலன் தருபவை என்பது அப்பெயரின் கருத்தாகும்.

அக்கால வைத்திய நூல்கள் உடலைப் பற்றியே விரிவாகப் பேசின. அல்பல்கீ தமது நூலின் இரண்டாம் பகுதியை முழுமையாக உள்ளத்தின் நலனுக்கு ஒதுக்கினார். கோபம், கவலை, அச்சமும் பீதியும், திரும்பத் திரும்ப எழும் வஸ்வாஸ் என்று உள்ளத்தின் துன்பங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பரிகாரம் எழுதினார். அச்சத்தின் கடுமையான நிலைக்கு 'ஃபஸஃ' என்ற சொல்லை ஆண்டார். உடல் நோயுற்றால் உள்ளம் வாடுவது போல், உள்ளம் நோயுற்றால் உடலும் துன்புறும் என்றார். உடல் நோயின்றி ஒருவர் நெடுங்காலம் வாழக்கூடும், உள்ளத்தின் இத்துன்பங்களிலிருந்து எவரும் முற்றாகத் தப்புவதில்லை என்பதும் அவரது கருத்தாகும். பீதியடைந்தவரை அவர் இழிவாகக் கருதவில்லை என்பதற்கு இதுவே போதும்.

அவர் கூறும் உவமை ஒன்று சிந்தனைக்குரியது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஒருவர் மூடுபனி உள்ள தேசத்துக்கு முதன்முறையாக வருகிறார். தூரத்தில் தெரியும் பனிமூட்டம் அவருக்கு ஊடுருவ முடியாத கெட்டியான சுவராகத் தோன்றுகிறது. உள்ளே நுழைந்த பின்னரே, அது தாம் இதுவரை சுவாசித்த அதே காற்றுத்தான், சற்று ஈரமாக இருக்கிறது என்பதை அறிகிறார். மனிதன் அஞ்சும் பலவற்றின் நிலையும் இதுவே என்கிறார் அல்பல்கீ. எனவே பயந்தவருக்கு அறிவைக் கொடுக்க வேண்டும், அவர் பயப்படும் விடயத்துக்குச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழியாகும்.

இன்னொரு பயனுள்ள ஆலோசனையும் அவரிடம் உண்டு. சுகமாக இருக்கும்போதே மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பது போல், மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நல்ல, உண்மையான எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். துன்பம் வரும் நேரத்தில் அவை கைகொடுக்கும் என்றார்.

இந்நூலின் கையெழுத்துப் பிரதிகள் பல நூற்றாண்டுகள் இஸ்தான்புல் நூலகத்தில் உறங்கிக் கிடந்தன. 1984இல் அறிஞர் புஆத் ஸெஸ்கின் அதன் நிழற்பிரதியை வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ (ரஹ்) அவர்கள் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 2013இல் வெளிவந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன் எமது முன்னோரில் ஒருவர் எழுதி வைத்ததை நாம் மறந்திருந்தோம். ஜின், சூனியம் என்ற இரு சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டிருந்தோம்.

படைவீரர்களின் இதயம்

மேற்குலகத்தாரும் இவ்விடயத்தை எளிதில் விளங்கிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடைபெற்றது. நெஞ்சுத் துடிப்பு, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் என்ற முறைப்பாடுகளுடன் ஏராளமான படைவீரர்கள் வைத்தியசாலைகளுக்கு வந்தனர். பிலடெல்பியா நகரில் அவர்களைப் பரிசோதித்த வைத்தியர் ஜேக்கப் ட கொஸ்டா, சுமார் முந்நூறு வீரர்கள் பற்றிய தமது ஆய்வை 1871இல் வெளியிட்டார். எளிதில் கிளர்ச்சியடையும் இதயம் என்று இந்நிலைக்குப் பெயரிட்டார். இவர்கள் நடிக்கவில்லை, உண்மையாகவே துன்புறுகின்றனர் என்பதை அவர் விளங்கியிருந்தார். எனினும் காரணத்தை இதயத்திலேயே தேடினார்.

முதலாம் உலக யுத்தத்தில் அதே முறைப்பாடுகள் மீண்டும் எழுந்தன. பிரித்தானிய இதய நோய் வைத்தியர் தோமஸ் லூயிஸ் அத்தகைய வீரர்களைப் பரிசோதித்து, பெரும்பாலானோரின் இதயத்தில் நோயேதும் இல்லை என்பதைக் கண்டார். படுக்கையில் கிடத்துவதற்குப் பதிலாகப் படிப்படியான உடற்பயிற்சியை அவர்களுக்கு வழங்கினார். அது ஒரு நல்ல மாற்றமாகும்.

ஆனால் அதே யுத்தத்தில், அச்சத்தால் செயலிழந்த வேறு சிலருக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. ஹாரி ஃபார் என்ற பிரித்தானியப் படைவீரர் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் 1915இல் ஐந்து மாதங்கள் வைத்தியசாலையில் இருந்தவர். 1916இல் முன்னரங்குக்குச் செல்லத் தம்மால் இயலாது என்று கூறினார். கோழைத்தனம் என்று குற்றம் சுமத்தி, அவ்வருடம் அக்டோபர் மாதத்தில் அவரது சொந்தப் படையினரே அவரைச் சுட்டுக் கொன்றனர். அவரது குடும்பத்தினர் நீண்ட காலம் போராடினர். கோழைத்தனம், படையை விட்டு ஓடியமை போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு 2006இல் பிரித்தானியா மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு வருடங்கள் கழித்து வழங்கப்பட்ட மன்னிப்பு! நடுங்குபவனைப் பார்த்து "கோழை" என்று கூறும் சமூகம் எங்கு போய் முடியும் என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. "ஈமானில் பலவீனம்" என்று நான் கூறியதும் அதே தராசில்தான் நிறுக்கப்பட வேண்டும்.

ஒரு தோழரின் வார்த்தையும் ஒரு தாதியின் அவதானமும்

1903இல் பிறந்த கிளேர் வீக்ஸ் என்பவர் அவுஸ்திரேலியாவின் அறிவியல் பட்டதாரி. இளமையில் அவருக்குக் காசநோய் என்று தவறாகக் கூறப்பட்டது. அந்தக் காலத்தில் ஏற்பட்ட நெஞ்சுப் படபடப்பு அவரை விட்டு நீங்கவில்லை. துடிப்பைக் கண்டு பயந்தார். பயந்ததால் துடிப்பு அதிகரித்தது. முதலாம் உலக யுத்தத்தில் படைவீரராக இருந்த நண்பர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது, இது பயத்தின் அடையாளம் மட்டுமே, பதுங்கு குழிகளில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது என்ற கருத்தில் அவர் பதிலளித்தார். அந்த ஒரு விளக்கம் வீக்ஸின் வாழ்வை மாற்றியது. பிற்காலத்தில் வைத்தியரான அவர், 1962இல் இது பற்றி வெளியிட்ட நூல் உலகெங்கும் பலருக்குப் பயனளித்தது. படபடப்புடன் போராடாதீர்கள், அதை எதிர்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், அலையில் மிதப்பவர் போல் அதனைக் கடந்து செல்ல விடுங்கள், காலம் கடக்கட்டும் என்பதே அவரது போதனையின் சாரமாகும்.

இதே காலப்பகுதியில் நியூயோர்க் நகரில் டொனல்ட் க்ளைன் என்ற உளநல வைத்தியர் இமிப்ரமீன் என்ற மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரது நோயாளி ஒருவர் தினமும் மூன்று நான்கு தடவைகள் தாதியரிடம் ஓடிச்சென்று, தாம் மரணிக்கப்போவதாகக் கூறுவது வழக்கம். தாதியர் அவரது கையைப் பிடித்துக்கொண்டு சுமார் இருபது நிமிடங்கள் பேசுவார்கள். பின் அவர் சென்றுவிடுவார். மருந்து கொடுக்கப்பட்டுச் சில வாரங்களில் இந்த ஓட்டம் நின்றுவிட்டது. மாற்றம் ஏற்பட்டதை வைத்தியரோ நோயாளியோ உணரவில்லை. தாதி ஒருவரே அதனை முதலில் எடுத்துக் கூறினார். திடீர்ப் பீதி ஏனைய பதகளிப்புகளிலிருந்து வேறானது என்பதை க்ளைன் விளங்கிக்கொள்ள இது வழிவகுத்தது. 1980இல் அமெரிக்க உளநல வைத்தியர் சங்கம் இதனைத் தனி நோயாகத் தனது வகைப்பாட்டு நூலில் சேர்த்தது.

இவ்வரலாற்றில் எனது உள்ளத்தைத் தொட்டவர் அந்தத் தாதியே. மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரும் அவர் உதவிக்கொண்டுதான் இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடங்கள் உடன் இருப்பது அவரது மருந்தாக இருந்தது.

1986இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் இதன் உட்பொறியை விளக்கினார். உடலில் ஒரு சிறு மாற்றம் ஏற்படுகிறது. இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. மனம் அதனை மாரடைப்பென்று விளங்கிக்கொள்கிறது. அந்த எண்ணம் பயத்தை எழுப்ப, பயம் துடிப்பை மேலும் அதிகரிக்க, அது எண்ணத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது. இப்படியொரு வட்டம் சுழல்கிறது. பனிமூட்டத்தைச் சுவரென்று எண்ணிய அல்பல்கீயின் மனிதரை இங்கு நினைத்துப் பாருங்கள்.

மூச்சும் இந்த வட்டத்தில் பங்கெடுக்கிறது. பயந்தவர் தேவைக்கு அதிகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டின் அளவு குறைகிறது. விரல்கள் விறைப்பதற்கும் தலை சுற்றுவதற்கும் அதுவே முக்கிய காரணம். ஒருகாலத்தில் கடதாசிப் பைக்குள் மூச்சு விடுமாறு கூறுவார்கள். மாரடைப்பு அல்லது ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்தாக முடியலாம் என்பதால் அம்முறை இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

எமது கடலோரம்

நேயர்களே! இவ்விடயம் எமது மண்ணுக்கும் புதிதல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எமது கரையோரங்களை விழுங்கியது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. அதன் பின் எத்தனையோ குடும்பங்களில், அலையின் இரைச்சல் சற்று உயர்ந்தாலே உடல் நடுங்கியவர்களை நாம் கண்டோம். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திரா அருகே பூமி அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர மக்கள் மேட்டுநிலம் நோக்கி ஓடினர். அந்த ஓட்டம் நியாயமானது, எச்சரிக்கை உண்மையானது. கடல் பொங்காத நாட்களிலும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருப்பவர்களின் துன்பமே எம் கண்ணுக்குப் படாமல் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் அனர்த்தங்களுக்கு உள்ளானோருக்கான உளவியல் முதலுதவிக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அவதானியுங்கள், செவிமடுங்கள், தொடர்புபடுத்துங்கள் என்ற மூன்று சொற்களில் அதன் அடிப்படை அமைந்துள்ளது. நடந்ததைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் அது வலியுறுத்துகிறது. மக்காவின் அந்த வீட்டில் நாம் கண்ட ஒழுங்கு நினைவுக்கு வருகிறதல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கூட்டத்தைக் கலையுங்கள். ஒருவர் அல்லது இருவர் உடன் இருந்தால் போதும். அவரது உயரத்துக்கு நீங்களும் அமருங்கள். அனுமதியின்றிப் பிடிக்காதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீரை முகத்தில் எறியாதீர்கள்.

இரண்டாவது, இதயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். இவ்வறிகுறிகள் முதன்முறையாக வந்திருந்தால், நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அவர் வயதானவராக அல்லது நீரிழிவு, இதய நோய் உள்ளவராக இருந்தால், மயங்கி விழுந்தால், தாமதமின்றி 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியுலன்ஸைப் பெற்றுக்கொள்ளுங்கள். பீதிதான் என்று முடிவு செய்வது வைத்தியரின் பணி. எமது பணி அல்ல.

மூன்றாவது, இது திடீர்ப் பீதி என்று முன்னரே வைத்தியர் உறுதிப்படுத்தியவராயின், தாழ்ந்த குரலில் சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். "நான் உங்களுடன் இருக்கிறேன். இது மிகவும் கஷ்டமானது. ஆனாலும் முன்னர் கடந்து போனது போல் இதுவும் கடந்து போகும்" என்று கூறுங்கள். "ஒன்றுமில்லை" என்று கூறாதீர்கள். அவருக்கு நடப்பது ஒன்றுமில்லாததல்ல. மூச்சை மெதுவாக மூக்கால் இழுத்து, அதைவிட நீண்ட நேரம் எடுத்து வெளிவிடுமாறு வாயால் கட்டளையிடுவதை விட, அவர் பார்க்க நீங்களே அவ்வாறு செய்வது நன்று. சிறிது நேரத்தில் அவரது மூச்சு உங்கள் மூச்சைப் பின்தொடரும்.

நான்காவது, தணிந்த பின் கேளுங்கள். அவர் கூற விரும்புவதைச் செவிமடுங்கள். இது மீண்டும் மீண்டும் வருமாயின், அல்லது வந்துவிடுமோ என்ற பயத்தில் பஸ், சந்தை, பள்ளிவாசல் என்று ஒவ்வோர் இடமாக அவர் தவிர்க்கத் தொடங்கினால், உளநல வைத்தியரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அரச வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசமாகக் கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உரிய பேச்சுச் சிகிச்சையாலும் தேவையானபோது மருந்தாலும் பெரும்பாலானோர் நல்ல பயனைப் பெறுகின்றனர்.

எமது சகோதரிகள் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்நோய் ஆண்களை விடப் பெண்களில் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. அவர்கள் நடுங்கினால் 'ஏதோ பிடித்துவிட்டது' என்று கூறி, புகை போடுபவரிடமும் பிரம்பெடுப்பவரிடமும் இழுத்துச் செல்லும் வழக்கம் சில இடங்களில் இன்னும் ஒழியவில்லை. குர்ஆனை ஓதி நிவாரணம் தேடுவது சுன்னத்தாகும். அதனை எவரும் மறுப்பதில்லை. நோயாளி விரும்பினால், அருகில் அமர்ந்து மென்மையாக ஓதுங்கள். அது அவரது உள்ளத்துக்கு அமைதி தரும். அடிப்பதற்கும் மிரட்டுவதற்கும் சுன்னாவில் இடமில்லை. வைத்தியம் செய்யுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த வாலிபர்

அவ்வாலிபரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிகிச்சை பெற்று வந்தார். பள்ளிவாசலுக்கு மீண்டும் வர விரும்பினார். ஸஃப்புகளுக்கு நடுவே நிற்கத்தான் பயமாக இருக்கிறது என்றார். அவரது வைத்தியரின் ஆலோசனைப்படி, முதலில் தொழுகை இல்லாத நேரத்தில் வெளி விறாந்தையில் இருவரும் அமர்ந்தோம். பின்னர் வாசலுக்கு அருகே கடைசி ஸஃப்பில் நின்று ளுஹர் தொழுதார். சில வாரங்களில் மஃரிப். அடுத்த ரமழானில் தராவீஹ். கதவருகே அவர் நிற்கும் இடத்தை எவரும் எடுத்துக்கொள்ளாதவாறு நிர்வாக சபைத் தலைவர் பார்த்துக்கொண்டார்.

அந்த ரமழானின் ஓரிரவில் நான்கு ரக்அத்துகளின் பின் அவர் எழுந்து வெளியே சென்றார். நான் மெதுவாகப் பின்தொடர்ந்தேன். ஹவுழுக்கு அருகே அமர்ந்து, நீண்ட மூச்சுகளை விட்டுக்கொண்டிருந்தார். நானும் அருகில் அமர்ந்தேன். இம்முறை அவரது காதில் நான் எதையும் ஓதவில்லை. சற்று நேரத்தில் அவரே, "போய்விட்டது ஹஸ்ரத், வாருங்கள் தொழுவோம்" என்றார்.

அன்பானவர்களே! எமது வீட்டில், வகுப்பறையில், பஸ்ஸில், பள்ளிவாசலில் யாரேனும் ஒருவர் எவ்வேளையிலும் இவ்வாறு நடுங்கக்கூடும். அவ்வேளையில் அவரது காதில் முதலில் விழப்போவது எமது வார்த்தையாக இருக்கலாம். அது அவரை மேலும் பயமுறுத்தும் வார்த்தையாக அமைந்துவிடாமல், அன்னை கதீஜா (ரழி) அவர்கள் போர்த்திய போர்வையைப் போன்று அமையட்டும்.

யா அல்லாஹ்! எமது அச்சங்களை அமைதியாக மாற்றுவாயாக! துன்பப்படுவோரை இழிவுபடுத்தும் நாவிலிருந்து எம்மைப் பாதுகாப்பாயாக! அறியாமல் நாம் பிறருக்குச் செய்த தீங்குகளை மன்னிப்பாயாக! ஆமீன்.